பல் சேரின் டியூபுக்குள் தேங்கும் தண்ணீர்: மலையில் கிளினிக் தொடங்குபவர்களுக்கு

கோத்தகிரியில் நான் கிளினிக் திறந்து இரண்டாவது வருஷம். ஒரு திங்கட்கிழமை காலை, முதல் பேஷன்ட். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாட்டி. பல் காரையை எடுக்கும் ஸ்கேலிங் ஆரம்பித்து அரை நிமிஷம் ஆகியிருக்காது, கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். துப்பிவிட்டு, "டாக்டரம்மா, தண்ணி எங்க லைன் வீட்டுத் தொட்டித் தண்ணி மாதிரி பாசி வாடை அடிக்குதே" என்றார்.

நான் மாஸ்க் போட்டிருந்தேன். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. "மலைத் தண்ணிதானே பாட்டி, சுத்தமாத்தான் இருக்கும்" என்று சொல்லி வேலையை முடித்து அனுப்பிவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. சாயங்காலம், காற்றும் தண்ணீரும் பீச்சும் த்ரீ-வே சிரிஞ்சின் டியூபில் நுனியிலிருந்து ஒரு சாண் வெட்டி எடுத்தேன். 15ஆம் நம்பர் பிளேடால் நீளவாக்கில் பிளந்து, உட்புறத்தை நகத்தால் வழித்துப் பார்த்தேன். ஆறிய கஞ்சியின் மேல் ஆடை படியுமே, அதுபோல ஒரு சாம்பல் நிற வழவழப்பு நகத்தில் சுருண்டுகொண்டு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டியூப் புதிது மாதிரிதான் இருந்தது. சேருக்குத் தண்ணீர் தரும் பாட்டில் பளபளப்பாக இருந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரும் தெளிவாகவே இருந்தது.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குன்னூரிலோ ஊட்டியிலோ கூடலூரிலோ கொடைக்கானலிலோ புதிதாகக் கிளினிக் தொடங்கும் டாக்டர்களுக்கும், அங்கே புதிதாகச் சேரும் அசிஸ்டென்ட்களுக்கும் இது. கல்லூரியில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். தேர்வில் கேட்டால் 5 மார்க். கிளினிக்கில் இது தினசரி வேலை.

டியூபுக்குள் என்ன நடக்கிறது

சேருக்குள் ஓடும் தண்ணீர் டியூபின் உள்விட்டம் 2 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு மீட்டர் நீளத்துக்குக் கணக்குப் போட்டால் அதில் 3 மில்லி தண்ணீர் நிற்கும். அந்த 3 மில்லியைச் சுற்றியிருக்கும் சுவரின் பரப்பு 63 சதுர சென்டிமீட்டர், அதாவது சீட்டுக்கட்டில் ஒரு சீட்டைவிடச் சற்றுப் பெரிது. மாடியில் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியில் 500 லிட்டருக்கும் சேர்த்தே சில சதுர மீட்டர் சுவர்தான் இருக்கும். கிருமிக்கு முதலில் வேண்டியது ஒட்டிக்கொள்ள ஒரு சுவர். அதை இந்த டியூப் அளவுக்குத் தாராளமாகக் கொடுக்கும் இடம் கிளினிக்கில் வேறு இல்லை.

இன்னொன்றும் உண்டு. பல்லைக் குடையும் ஏரோட்டர் ஓடும்போது டியூபின் நடுவில் தண்ணீர் வேகமாகப் போனாலும், சுவரை ஒட்டிய இடத்தில் அது கிட்டத்தட்ட நகர்வதே இல்லை. மொத்த நாளையும் எடுத்துக்கொண்டால் டியூபில் தண்ணீர் ஓடும் நேரம் மிகக் குறைவு, மற்ற நேரமெல்லாம் சும்மா நிற்கிறது. ராத்திரி முழுக்க நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிற்கிறது. பாட்டி வந்தது திங்கட்கிழமை காலை என்பதை இப்போது கவனியுங்கள்.

ஒட்டிய கிருமிகள் தங்களைச் சுற்றிப் பசை போல ஒன்றைச் சுரந்து அதற்குள் குடியிருக்கின்றன. பயோஃபிலிம் என்று புத்தகத்தில் படித்தது இதைத்தான். அந்தப் பசைக்குள் இருப்பவற்றை மருந்து சுலபமாகத் தொடாது. அதிலிருந்து அவ்வப்போது துணுக்குகள் பிய்ந்து தண்ணீரோடு வெளியே வரும். பல் சேர்த் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று பிரிட்டனில் பிளேக் என்பவர் 1963லேயே எழுதிவிட்டார். புதுச் சேரில் புது டியூப் பொருத்திய ஐந்தே நாளில் ஒரு மில்லிக்கு 2,00,000 காலனி (லேபின் பிளேட்டில் முளைத்து எண்ணப்படும் கிருமித் திட்டு) வரை ஏறியதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே "நம்ம சேர் புதுசு" என்ற சமாதானம் ஒரு வாரம்கூடத் தாங்காது.

எவ்வளவு இருக்கலாம்? அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொன்ன எல்லை: அறுவைச் சிகிச்சை அல்லாத வேலைகளுக்கு ஒரு மில்லி தண்ணீரில் 500 காலனிக்கு மேல் கூடாது. நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

பெரும்பாலான பேஷன்டுக்கு இந்தத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லாமல் விட்டால் தேவையில்லாமல் பயமுறுத்தியவளாவேன். ஆனால் ஆகும்போது சாதாரணமாக ஆவதில்லை. 2011இல் இத்தாலியில் 82 வயதுப் பெண்மணி ஒருவர் தண்ணீரில் வாழும் லீஜியோனெல்லா என்ற கிருமியால் வந்த நிமோனியாவில் இறந்தார். அவருடைய நுரையீரலில் இருந்த கிருமியும், அவர் போய்வந்த பல் கிளினிக்கின் தண்ணீரில் இருந்த கிருமியும் ஒன்று என்று கண்டுபிடித்தார்கள். 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பால்பல்லுக்கு நரம்புச் சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளுக்குத் தாடையில் மைக்கோபாக்டீரியம் அப்சஸஸ் என்ற கிருமியின் தொற்று வந்தது. அந்தக் கிளினிக்கின் ஏழு சேர்களிலும் தண்ணீரைச் சோதித்தார்கள். சராசரி மில்லிக்கு 91,333 காலனி. அடுத்த வருஷமே கலிஃபோர்னியாவில் வேறொரு கிளினிக்கில் எழுபது குழந்தைகளுக்கு மேல் அதே தொற்று. வீக்கம் வெளியே தெரியச் சில வாரங்களிலிருந்து மாதக்கணக்குவரை ஆகலாம். அதற்குள் யார் பல் கிளினிக்கை நினைத்துப் பார்க்கப் போகிறார்கள்?

நமக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்கேலர் கிளப்பும் பனிமூட்டத்தை நாள் முழுக்க முகத்தில் வாங்கிக்கொள்வது டாக்டரும் அசிஸ்டென்டும்தான்.

"குளிரில் கிருமி எங்கே வளரப் போகிறது?"

மலைக்கு வரும் ஒவ்வொரு புது டாக்டரும் இதைக் கேட்கிறார். நானும் கேட்டிருக்கிறேன். பாதி உண்மைதான், மீதிப் பாதியில் மாட்டிக்கொள்வோம்.

லீஜியோனெல்லா 20 டிகிரிக்குக் கீழே பெருகாமல் கிடக்கும், செத்துப்போகாது. 25இலிருந்து 45 டிகிரி வரை அதற்குக் கொண்டாட்டம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலத்தில் குழாய்த் தண்ணீர் பல்லில் பட்டால் பேஷன்ட் சேரிலிருந்து துள்ளுவார். அதனால் இங்கே சேர் விற்க வரும் டீலர்கள் வாட்டர் வார்மர் வைத்த மாடலைத்தான் முதலில் காட்டுவார்கள். "மலைக்கு இதுதான் டாக்டர் செட் ஆகும்" என்பார்கள். அந்த வார்மர் தண்ணீரை எந்தச் சூட்டில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்: 35, 40 டிகிரி. ஊரே நடுங்கும்போது கிருமிக்கு மட்டும் நாம் கம்பளி போர்த்திவிடுகிறோம். என் சேரில் வார்மர் இருக்கிறது, சுவிட்சை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். பல் கூசுபவர்களுக்கு மரப்பு ஊசி போட்டுவிட்டு வேலை செய்கிறேன், அறைக்கு ஒரு ரூம் ஹீட்டர் வைத்திருக்கிறேன்.

லீஜியோனெல்லா குளிரில் தூங்கினாலும் மற்றவை தூங்குவதில்லை. தண்ணீரில் வாழும் கிருமிகளில் நிறைய வகைகள் அறையின் சாதாரணக் குளிரிலேயே நிதானமாகப் பெருகிக்கொண்டிருக்கும். பாட்டி சொன்ன வாடை ஜனவரியில் வந்த வாடை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பாருங்கள்

இதுதான் முதல் வேலை. கிளினிக்குக்கு வாடகை பேசும்போதே குழாயைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்துபோய்ப் பாருங்கள். நகராட்சி, பேரூராட்சித் தண்ணீர் என்றால் ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலி, குன்னூருக்கு ரேலியா அணை, எங்களுக்கு ஈளாடா என்று ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மூலம் இருக்கிறது. அதில் குளோரின் போட்டு அனுப்புவார்கள். ஆனால் மலையில் பாதிக் கட்டடங்களுக்கு அது மட்டும் வருவதில்லை. எஸ்டேட் ஊற்றிலிருந்து கருப்பு ஹோஸ் பைப் இழுத்து அதே தொட்டியில் விட்டிருப்பார்கள். ஊற்றுத் தண்ணீர் ருசியாக இருக்கும். அதில் குளோரின் இருக்காது, காலையில் காட்டெருமைக் கூட்டம் கால் நனைத்துவிட்டுப் போயிருக்கும். நான் இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என் பழைய கட்டடத்தின் பைப்பைத் தேடிப்போன அன்று ஊற்றங்கரைச் சேற்றில் குளம்புத் தடத்தைப் பார்த்தேன்.

தொட்டிக்கு வரும் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் பார்க்கும் குளோரோஸ்கோப் போதும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 கேட்பது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். தென்மேற்குப் பருவமழையிலும் ஐப்பசி மழையிலும் தண்ணீர் செக்கச்செவேல் என்று கலங்கி வரும்போது அந்தக் குளோரின் வழியிலேயே செலவாகிவிடும். தொட்டியை மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை கழுவுங்கள்.

இதெல்லாம் கை கழுவவும் கருவி கழுவவும் துப்பும் தொட்டிக்கும் போகும் தண்ணீருக்கு. பேஷன்டின் வாய்க்குள் போகும் தண்ணீருக்குத் தொட்டியை நம்பவே வேண்டாம்.

சேருக்குத் தனிப் பாட்டில்

சேரில் இரண்டு வகை வரும். ஒன்று, தொட்டித் தண்ணீர் நேராக டியூபுக்குப் போவது. இன்னொன்று, சேரிலேயே ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில் மாட்டி, கம்ப்ரஸர் காற்றின் அழுத்தத்தில் அதிலிருந்து தண்ணீர் போவது. சில சேரில் இரண்டும் இருக்கும், நடுவில் ஒரு சின்ன வால்வு மாற்றிவிடும். மேனுவலைப் பார்த்து எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். நேர் இணைப்பு மட்டும் இருந்தால் பாட்டில் கிட் வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள். தண்ணீருக்குள் மருந்து போட வேண்டுமென்றால் பாட்டில் இருந்தால்தான் முடியும்.

பாட்டிலில் எந்தத் தண்ணீர்? நான் டிஸ்டில்டு வாட்டர் பயன்படுத்துகிறேன். மருத்துவப் பொருள் விற்கும் கடையில் 5 லிட்டர் கேனாக வாங்குங்கள். பேட்டரிக்கு ஊற்ற விற்பது வேறு, அதை வாங்கிவிடாதீர்கள். சமவெளியில் எல்லோரும் ஆர்.ஓ. வைக்கிறார்கள் என்று இங்கேயும் வைக்கிறார்கள். அங்கே உப்புத் தண்ணீர், டியூபில் உப்பு படியும், அதற்கு ஆர்.ஓ. வேண்டும். மலைத் தண்ணீரில் உப்பு குறைவு. இங்கே ஆர்.ஓ. செய்கிற ஒரே உருப்படியான காரியம் இருக்கிற கொஞ்சநஞ்சக் குளோரினையும் எடுத்துவிடுவது. ஆர்.ஓ.வோ டிஸ்டில்டோ கேனோ, எதுவும் கிருமியற்ற தண்ணீர் இல்லை. எதை ஊற்றினாலும் வழவழப்பு படிந்த டியூப் வழியாகப் போனால் அது டியூபின் தண்ணீராகத்தான் வெளியே வரும்.

"கொதிக்க வைத்து ஊற்றினால்?" என்று என் அசிஸ்டென்ட் கேட்டாள். நல்ல கேள்வி. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், எங்களுக்கு 94. 2,000 மீட்டருக்கு மேலே இருப்பவர்கள் கொதி வந்த பிறகு 3 நிமிஷம் விட வேண்டும். அப்படிச் செய்த தண்ணீர் குடிக்க நல்லது. டியூபின் சுவரில் இருப்பதை அது எதுவும் செய்யாது.

தினசரி மருந்து என்று மாத்திரையாகவும் திரவமாகவும் கிடைக்கிறது. வெள்ளி கலந்தவை, ஹைட்ரஜன் பெராக்ஸைடு கலந்தவை, குளோரின் டை ஆக்ஸைடு என்று பல வகை. எது என்பதைச் சேர் கம்பெனியின் மேனுவல் சொல்லட்டும். மேனுவல் ஒத்துக்கொள்ளாத மருந்து, கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தின்றுவிடும், வால்வைத் துருப்பிடிக்க வைக்கும், பிறகு வாரன்டி கேட்டுப் போக முடியாது. பாட்டிலில் ஊற்றும்போது வெறும் கையால் குழாயின் முனையைத் தொடாதீர்கள். உள்ளே போகும் அந்த ஒல்லிக் குழாயை விரலால் துடைத்துவிட்டு மாட்டும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது.

முதல் தடவை ஷாக் கொடுப்பது

தினசரி மருந்து புதுப் படலம் படியாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே படிந்ததைப் பெயர்க்க வலுவான மருந்து வேண்டும். இதைத்தான் ஷாக் என்கிறோம். சேர் புதிதோ பழையதோ, முதல் பேஷன்டுக்கு முன்னால் ஒரு தடவை கொடுங்கள்.

மேனுவல் ஹைப்போவை (சோடியம் ஹைப்போகுளோரைட்) அனுமதித்தால் 0.5 சதவீதம் போதும். வேர்ச் சிகிச்சைக்கு வாங்கும் 5 சதவீத ஹைப்போ என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். 3 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு. பாட்டில் திறந்து மாசக்கணக்கில் வெயிலில் இருந்த ஹைப்போவுக்குப் பலம் போயிருக்கும், புதிதை எடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் பக்கத்தில் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் விஷவாயு.

ஏரோட்டர், ஸ்கேலர் கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். கலவையைப் பாட்டிலில் ஊற்றி மாட்டி, ஒவ்வொரு லைனையும் தனித்தனியாக மிதித்து, ஹைப்போ வாடை வரும்வரை வெளியே விடுங்கள். இரண்டு ஏரோட்டர் லைன், ஸ்கேலர், த்ரீ-வே சிரிஞ்ச், அசிஸ்டென்ட் பக்கம் இருக்கும் இன்னொரு சிரிஞ்ச். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். 10 நிமிஷம் அப்படியே நிற்கட்டும். பிறகு கலவையைக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு லைனையும் குறைந்தது 2 நிமிஷம் ஓட்டுங்கள். வாடை போகவில்லை என்றால் இன்னும் ஒரு பாட்டில். ராத்திரி முழுக்க ஊறினால் இன்னும் சுத்தமாகும் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் உலோகம் தாங்காது.

பழைய சேர் என்றால் முதல் ஷாக்கில் கறுப்புச் செதில் வரும். என் சேரில் ஸ்கேலரின் ஃபில்டரே அடைத்துக்கொண்டது. தொடர்ந்து மூன்று நாள் சாயங்காலம் கொடுத்த பிறகுதான் செதில் நின்றது. இப்போது வாரம் ஒரு முறை சனிக்கிழமை மதியம் கொடுக்கிறோம். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது மருந்தையும் சேரையும் பொறுத்தது.

காலையும் நடுவிலும் சாயங்காலமும்

காலையில் கைக்கருவி எதையும் மாட்டாமல், சக்ஷனை ஓடவிட்டு, ஒவ்வொரு லைனையும் 2 நிமிஷம் ஓட்டுங்கள். கடிகாரம் பார்த்து 2 நிமிஷம். மனசுக்குள் எண்ணினால் அது 40 விநாடிதான் இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். மாஸ்க் போடாமல் கிளினிக்கில் மூக்கைப் பயன்படுத்த இந்த ஒரு சந்தர்ப்பம்தான் நமக்கு.

ஒவ்வொரு பேஷன்ட் முடிந்ததும் 20 முதல் 30 விநாடி காற்றும் தண்ணீருமாக வெளியே ஓட்டுங்கள். இது வேறொரு காரணத்துக்காக. ஏரோட்டரை நிறுத்தும் நொடியில் அதன் வாய் லேசாகப் பின்னால் உறிஞ்சும். முந்தைய பேஷன்டின் எச்சிலும் ரத்தமும் துளியளவு உள்ளே போகும். அதைத் தடுக்க வால்வு இருக்கிறது, வால்வு தேயும். ஏரோட்டரை நிறுத்தியதும் முனையில் தொங்கும் நீர்த்துளியைக் கவனியுங்கள். அது விழாமல் உள்ளே இழுக்கப்பட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இப்படி ஓட்டிவிடுவதால் டியூபில் மிதப்பவை வெளியேறும், சுவரில் ஒட்டியவை அசையாது. ஓட்டிவிட்டோம், முடிந்தது என்று நினைத்த இரண்டு வருஷத்தின் விளைவைத்தான் நகத்தால் வழித்துப் பார்த்தேன்.

ஏரோட்டரை ஒவ்வொரு பேஷன்டுக்கும் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்ய வேண்டும் என்பது தெரிந்ததே. மலையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு, அதைக் கீழே படித்தவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. குக்கர் மாதிரி இருக்கும் சாதா ஆட்டோகிளேவில் முள் 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி என்று படித்தோம். அது கடல் மட்டத்துக் கணக்கு. 1,800 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், அதே 15 பவுண்டில் உள்ளே 118 டிகிரி அளவில்தான் நிற்கும். முள்ளை நம்பாதீர்கள், வெப்பநிலையைக் காட்டும் மெஷினாக வாங்குங்கள். கம்பெனி சொல்லாமல் நீங்களாக அழுத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துச் சோதிக்கும் ஸ்போர் டெஸ்ட் போட்டுப் பார்த்தால் மெஷினின் யோக்கியதை தெரிந்துவிடும்.

சாயங்கால வேலைதான் எல்லாவற்றிலும் முக்கியம், அவசரத்தில் விட்டுப்போவதும் அதைத்தான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மூடுபனி இறங்கிவிட்டது, "நாளைக்குக் காலையில் பார்த்துக்கலாம் மேடம்." என் கிளினிக்கில் கடைசி அப்பாயின்ட்மென்டை இதற்காகவே 20 நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டேன். பாட்டிலைக் கழற்றி மிச்சத் தண்ணீரைக் கொட்டுங்கள். வெறும் பாட்டிலை மறுபடி மாட்டி, தண்ணீர் தீர்ந்து காற்று மட்டும் வரும்வரை ஒவ்வொரு லைனையும் மிதியுங்கள். முதலில் சீராக வரும், பிறகு துப்பும், பிறகு சீறும், கடைசியில் காய்ந்த காற்றின் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தைக் காது பழகிக்கொள்ள ஒரு வாரம் போதும். பாட்டிலைக் கழற்றிச் சுத்தமான துணிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் வாங்கிய தினசரி மருந்தின் குறிப்பில் ராத்திரியும் டியூபில் இருக்கட்டும் என்று போட்டிருந்தால் மட்டும் காலி செய்யாமல் விடுங்கள்.

கம்ப்ரஸரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். கோயம்புத்தூரில் வாரம் ஒரு முறை செய்வார்கள். இங்கே மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வரும், ஜூலையில் எங்கள் கம்ப்ரஸரில் ஒரே நாளில் அரை டம்ளர் வடியும். அந்த ஈரக்காற்றுத்தான் நீங்கள் காய வைத்த டியூபுக்குள் மறுபடி போகிறது.

வாரம் இரண்டு நாள் திறக்கும் கிளினிக்

மலையில் இது நிறைய. டாக்டர் கோயம்புத்தூரிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ வியாழனும் ஞாயிறும் வருவார். மற்ற நாள் பூட்டு. இந்த மாதிரிக் கிளினிக்கில் சாயங்காலக் காலி செய்தலை விட்டால் மற்ற எதுவும் செய்து பயனில்லை. மண்சரிந்து ரோடு அடைபட்டால் அந்த இரண்டு நாளும் போய்விடும். 2009 நவம்பரில் ஊட்டி பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தபோது வாரக்கணக்கில் போக்குவரத்து திண்டாடியது. 2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் சேர் துணி மூடிக் கிடந்தது. ஒரு வாரத்துக்கு மேல் பூட்டியிருந்த கிளினிக்கை நான் புதுச் சேராகத்தான் பார்க்கிறேன். முதலில் ஷாக், பிறகு பேஷன்ட்.

எலும்பு தெரியும் வேலைக்கு இந்தத் தண்ணீரே வேண்டாம்

ஞானப்பல் அறுத்தெடுப்பது, இம்ப்ளான்ட், ஈறு திறந்து செய்யும் சிகிச்சை எதற்கும் சேர்த் தண்ணீர் கூடாது, அதில் காலனி பூஜ்யம் என்று ரிப்போர்ட் வந்திருந்தாலும் கூடாது. நார்மல் சலைன் பாட்டிலைத் திறந்து 20 மில்லி சிரிஞ்சில் எடுத்து அசிஸ்டென்ட் ஊற்றட்டும். இம்ப்ளான்ட் மெஷினுக்கு அதற்கே உரிய ஸ்டெரைல் டியூப் உண்டு. பாதி மிஞ்சிய சலைனை மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.

கேஸ் ஷீட்டில் சர்க்கரை, புற்றுநோய் மருந்து, மாற்றுச் சிறுநீரகம், ஸ்டீராய்டு, நாள்பட்ட நுரையீரல் நோய் இவற்றைக் கேட்டு எழுதுங்கள். இவர்களைக் காலையின் முதல் பேஷன்டாகப் போடாமல், லைன் நன்றாக ஓடிய பிறகு வைத்துக்கொள்வது என் வழக்கம்.

டெஸ்ட் கொடுப்பது

கண்ணும் மூக்கும் ஓரளவுக்குத்தான். எண்ணிக்கை தெரிய லேப் வேண்டும், அதற்குக் கீழே இறங்க வேண்டும். லேபில் போய் "தண்ணி டெஸ்ட்" என்று மட்டும் கேட்டால் கோலிஃபார்ம் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். அது சாக்கடை கலந்திருக்கிறதா என்று சொல்லும், குடிநீருக்குச் சரி. கழிவு கலந்த தண்ணீர் பட்டால் கறுப்பாகும் சின்னப் பாட்டில் டெஸ்ட்டும் அதே வகை. நமக்கு வேண்டியது தண்ணீரில் வாழும் பொதுவான கிருமிகளை எண்ணும் ஹெட்டரோட்ரோபிக் பிளேட் கவுன்ட். ஆர்.2.ஏ. அகார் என்ற கிருமி வளர்க்கும் கூழில், அறை வெப்பநிலையில், ஏழு நாள் வரை வைத்து எண்ணுவார்களா என்று போனிலேயே கேளுங்கள். 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் நம் டியூபில் வாழும் நிதானக்காரர்கள் பிளேட்டில் முளைக்கவே மாட்டார்கள்.

சாம்பிள் பாட்டிலை லேபிலேயே வாங்குங்கள், உள்ளே மிச்சக் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் போட்டதாக. இதில் நான் ஒரு தடவை அசடு வழிந்திருக்கிறேன். பாட்டிக்குப் பிறகு அனுப்பிய முதல் சாம்பிளுக்கு "எண்ண முடியாத அளவு" என்று வந்தது. பதறிப்போய் ஷாக் கொடுத்தேன், மறுநாளே சாதா ஸ்டெரைல் பாட்டிலில் பிடித்து அனுப்பினேன். ரிப்போர்ட்டில் பூஜ்யம். அசிஸ்டென்டுக்குக்கூட வர்க்கி வாங்கிக் கொடுத்தேன். பிறகுதான் புரிந்தது, மிச்ச ஹைப்போ போகும் வழியெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே வேலை செய்திருக்கிறது. தயோசல்ஃபேட் போட்டு அடுத்த வாரம் அனுப்பியபோது 2,000க்கு மேல் வந்தது.

ஷாக் கொடுத்த மறுநாள் பிடிக்காதீர்கள், அடுத்த ஷாக்கை நெருங்கும் நாளில் பிடியுங்கள். நிலைமை மோசமாக இருக்கும் நாளின் கணக்குத்தான் வேண்டும். சேருக்கு ஒரு சாம்பிளாவது வேண்டும். கையுறை போட்டு, முனையைத் தொடாமல், பாட்டில் மூடியைக் கீழே வைக்காமல் பிடித்து, எந்த லைன், எந்த நேரம் என்று எழுதி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைந்துவிடக் கூடாது, சில்லென்று இருந்தால் போதும். 24 மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். திங்கள் முதல் புதனுக்குள் காலை முதல் பஸ்ஸில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை லேப் வாசலில் கிடக்காது. முதலில் மாசம் ஒரு முறை, தொடர்ந்து இரண்டு மாசம் 500க்குள் வந்தால் மூன்று மாசத்துக்கு ஒரு முறை. ரிப்போர்ட்டை ஃபைலில் போட்டு வையுங்கள்.

500ஐத் தாண்டினால் முதலில் சாயங்கால வேலை நடக்கிறதா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுத் தடவை அங்கேதான் ஓட்டை. பிறகு ஷாக், மறுபடி டெஸ்ட். மூன்று சுற்று போயும் இறங்கவில்லை என்றால் மருந்தோடு மல்லுக்கட்டாதீர்கள், டியூபை மாற்றிவிடுங்கள். கைக்கருவிக்கு வரும் டியூப் மட்டும் போதாது, சேரின் அடியில் பெட்டிக்குள் ஓடுவதையும் சேர்த்து. மெக்கானிக் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எங்கேயோ மூடி போட்டு விட்ட ஒரு துண்டு டியூப் எதற்கும் இணையாமல் தண்ணீரோடு கிடக்கும், அதை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். புது டியூப் மாட்டிய அன்றைக்கே ஷாக் கொடுங்கள். மேலே சொன்ன ஐந்து நாள் கணக்கு அன்றைக்கே தொடங்கிவிடுகிறது.